வெந்நீர் விளாவ ஒரு சின்ன கணக்கு!

கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவும்போது எத்தனை சொம்புக்கு எத்தனை சொம்பு ஊத்துறீங்க? 'ஒண்ணுக்கு ஆறு' என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது சரிதானா?

கண்டுபிடிப்பது சுலபம். வெந்நீரின் அளவை அதன் சூட்டால் பெருக்குங்க. பச்சைத்தண்ணிக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி, மொத்த சொம்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால், கலந்தபின் இருக்கும் சூடு வந்துவிடும்.

கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி செல்சியஸ். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால், 100-உம் 168-உம் சேர்ந்து 268. ஏழால் வகுத்தால் சுமார் 38. குழந்தைக்கு வேண்டியது 37, 38 டிகிரிதான். ஆக, கைக்கணக்கு சரி.

ஆனால், இது எல்லா நாளும் சரியா வராது. மே மாத வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் 36 டிகிரி இருந்தால், அதே ஒண்ணுக்கு ஆறு 45 டிகிரியில் போய் நிற்கும். பெரியவங்களுக்கே சுடும், பச்சக் குழந்தையின் மெல்லிய தோல் எப்படித் தாங்கும்? உண்மையில் அன்னைக்கு வெந்நீர் கால் சொம்புகூட நிறையத்தான். ஊட்டியில் மார்கழிக் குளிரில் தண்ணீர் 12 டிகிரி என்றால், இதே அளவு 25-ஐக்கூடத் தொடாது. அங்கே ஒண்ணுக்கு இரண்டரை சொம்பு போதும்.

சரிபாதியாக விளாவுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. 28 டிகிரித் தண்ணியோடு கலந்தாலும் 64 டிகிரி. அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும்.

நிஜத்தில் சூடு கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அடுப்பிலிருந்து தூக்கி வருவதற்குள் வெந்நீர் ஆறும். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். பித்தளை அண்டா என்றால் இன்னும் கூடுதலாக. அதற்காக, 'எப்படியும் ஆறிடும்' என்று இன்னொரு சொம்பு சேர்க்காதீங்க.

முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசையை மட்டும் மாத்தவே வேண்டாம். சூடான தண்ணீர் மேலேயே நிற்கும் என்பதால், அடிவரை கையை விட்டு நல்லா கலக்கிவிடுங்க. பிறகு முழங்கையை நனைத்துப் பாருங்க. தினமும் சூடான பாத்திரம் பிடித்துப் பழகிய உள்ளங்கைக்கு 42 டிகிரியும் 'வெதுவெதுப்பு' என்றே தோன்றலாம். குளியல் தண்ணீருக்கான தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தை தொட்டியில் இருக்கும்போது வெந்நீர் சேர்க்கவே கூடாது. தண்ணி ஆறிடுச்சா? குழந்தையைத் தூக்கி இன்னொருத்தர் கையில் கொடுத்துட்டு, அப்புறம் ஊத்துங்க.