நாலு பெயர், ஒரே டீசல் இன்ஜின்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் ஸ்விஃப்ட் நல்லதா, டாடா விஸ்டா நல்லதா என்று கேட்டீர்கள். அந்த விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று எழுதியிருந்தால், இரண்டு வண்டியிலும் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின்தான்.

இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் 2000-ல் கைகோத்தன. அந்தக் கூட்டில் உருவாகி 2003-ல் வெளிவந்தது இந்த 1,248 சிசி டர்போ டீசல். போலந்தில் தயாரான இதை ஃபியட் ‘மல்டிஜெட்’ என்றது, ஜெனரல் மோட்டார்ஸின் ஐரோப்பியக் கிளையாக இருந்த ஓப்பல் ‘சிடிடிஐ’ என்றது. சுசுகி உரிமம் வாங்கி ஹரியானாவின் மானேசரில் தயாரித்து ‘டிடிஐஎஸ்’ என்று பெயர் வைத்தது. 2007-ல் அது ஸ்விஃப்டில் ஏறியது. டாடாவும் ஃபியட்டும் சேர்ந்து புனே பக்கம் ரஞ்சன்காவில் தயாரித்ததுதான் குவாட்ராஜெட். டிசையர், எர்டிகா, லீனியா, செவர்லே சேல் என்று எங்கும் இதே இன்ஜின் ஓடியதால், வண்டிப் பிரியர்கள் இதை ‘நேஷனல் இன்ஜின்’ என்றே கூப்பிட்டார்கள்.

ஏன் பங்கு போட்டார்கள்? ஒரு டீசல் இன்ஜினைப் புதிதாக வடிவமைத்து, வார்ப்பு அச்சு செய்து, புகைச் சோதனையில் தேற்றி எடுக்கப் பெரும் பணம் வேண்டும். சின்ன கார் விலையில் அதை ஒரு கம்பெனி தனியாக மீட்பது கடினம். செலவைப் பகிர்ந்ததால்தான் இவ்வளவு நுட்பமான இன்ஜின் நடுத்தரக் குடும்பத்துக் கைக்கு எட்டியது.

அந்த நுட்பம் ‘காமன் ரயில்’ என்ற டீசல் தெளிப்பு முறையில் இருக்கிறது. வீட்டு மாடித் தொட்டி மாதிரி: மோட்டார் தொட்டியை நிரப்பி வைக்கும், எந்தக் குழாயை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். இங்கே பம்ப் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் நிரப்பி வைக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறக்கிறது. ஒரே தடவையில் மொத்தமாகக் கொட்டாமல், முதலில் ஒரு துளி, பிறகு தேவையான அளவு என்று ஒரு சுற்றுக்கு ஐந்து தடவை வரை பிரித்துத் தெளிக்க முடியும். முதல் துளி அறையைச் சூடாக்கி வைப்பதால் எரிதல் வெடிப்பாகாமல் படிப்படியாக நடக்கிறது. பழைய டீசலின் ‘டக டக’ சத்தம் குறைந்தது இதனால்தான்.

ஒரே இன்ஜின் என்றால் ஓட்டமும் ஒன்றா என்றால், இல்லை. ஸ்விஃப்டில் இருப்பது சாதாரண டர்போ, 75 குதிரைத்திறன். சுமார் 2,000 ஆர்பிஎம் வரை மந்தமாக இருந்து, அதற்கு மேல் சட்டென்று இழுக்கும். எர்டிகாவிலும் டாடா மான்சாவிலும் டர்போவின் இதழ்கள் வேகத்துக்கேற்பத் திரும்பும். 90 குதிரைத்திறன், பிக்கப்பும் கூடுதல். வண்டியின் எடை, கியர் அமைப்பு, கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கு ஆகியவையும் ஓட்டத்தை மாற்றும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கேற்ப இதைத் திருத்தும் செலவு சின்ன கார் விலைக்குத் தாங்காது என்று ஆனதும், குடும்பம் மொத்தமும் இங்கே ஒன்றாக விடைபெற்றது. பங்கு போட்ட இன்ஜினுக்கு முடிவும் பொதுவானதுதான்.

ஆனாலும் லட்சக்கணக்கில் ஓடிய இன்ஜின் என்பதால், இதன் உள்ளும் புறமும் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. இதில் பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான். அதை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். ஆகவே வண்டியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், நேரத்துக்கு ஆயில் மாற்றிய சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் ஒழுங்காக ஆயில் மாற்றியிருக்கிறாரோ, அவர் வண்டியை எடுங்கள்.