எபிசோடு வரிசை மாறினால் கதையே மாறுமா? 'ஃபயர்ஃபிளை' முதல் 'நவரசா' வரை

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஊர்களில் இருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு, அது ஒரு வெப் சீரிஸின் இரண்டு எபிசோடு பார்க்கும் நேரம். சீட் கிடைத்ததும் போனை எடுத்து நேற்று விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டியதுதான்.

"நான் நாலாவதுல இருக்கேன், நீ?"

"ஏழு முடிச்சிட்டேன்."

"ஐயோ, எதையும் சொல்லித் தொலைச்சிடாத!"

எண்ணைச் சொன்னாலே போதும், யாருக்குக் கதை எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடுகிறது. ஆனால், அந்த வரிசையை முடிவு செய்வது யார்? அதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

முதல் எபிசோடு கடைசியில் வந்த கதை

அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் 2002 செப்டம்பரில் 'ஃபயர்ஃபிளை' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அதை உருவாக்கிய ஜாஸ் வீடன், யார் யார் எப்படி அந்தக் கப்பலுக்கு வந்தார்கள் என்று அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் எபிசோடை எடுத்திருந்தார். சேனல் அதை ஓரம் வைத்துவிட்டு, ரயில் கொள்ளை நடக்கும் வேறொரு எபிசோடை முதலில் ஒளிபரப்பியது. அதன் பிறகும் வரிசை பல இடங்களில் மாறியது.

விளைவு? ஒன்பது பேர் கொண்ட கூட்டத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை ஏன் சந்தேகப்படுகிறார் என்று தெரியாமலே பார்வையாளர்கள் நடுவில் இறக்கிவிடப்பட்டார்கள். அறிமுக எபிசோடு ஒளிபரப்பானது டிசம்பரில், தொடர் முடிவுக்கு வந்தபோது! எடுத்த 14 எபிசோடுகளில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாகின. தொடரின் தோல்விக்கு வரிசைக் குழப்பம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. ஆனால் பின்னர் டிவிடியில் சரியான வரிசையில் வந்தபோது அதே தொடருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது. 2005-ல் 'செரினிட்டி' என்ற திரைப்படமாகவும் கதை தொடர்ந்தது.

மெகா சீரியல் ஏன் மெதுவாகப் போகிறது?

'சித்தி', 'மெட்டி ஒலி' காலத்தில் இருந்தே நம் மெகா சீரியல்கள் மீது ஒரு கிண்டல் உண்டு: "ஒரு வாரம் பார்க்கலைன்னாலும் கதை அங்கேயேதான் நிக்கும்." இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் வரும் தொடரை எல்லோராலும் விடாமல் பார்க்க முடியாது. இரவில் வலை போடப் போகிறவர், ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், கரண்ட் போன வீட்டில் இருப்பவர் என்று தினமும் யாராவது ஒரு எபிசோடைத் தவறவிடுவார். அவர் மறுநாள் வந்து உட்கார்ந்தாலும் கதை புரிய வேண்டும்.

அதனால்தான் முக்கியமான விஷயத்தை மாமியாரிடம் ஒரு முறை, பக்கத்து வீட்டில் ஒரு முறை, போனில் ஒரு முறை என்று பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பார்வையாளர் வரிசையாகப் பார்ப்பார் என்று சீரியல் எழுத்தாளர் நம்ப முடியாது.

ஓடிடி எழுத்தாளரால் அதை நம்ப முடியும். 2022-ல் வந்த 'சுழல்' எட்டு எபிசோடுகளும், 'வதந்தி' எட்டு எபிசோடுகளும் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை. 'சுழ'லில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் விசாரணையும் சேர்ந்தே நகர்கின்றன. 'வதந்தி'யில் கொலையான பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். முதலில் கேட்ட கதையை நாம் நம்பிவிடுகிறோம். அடுத்தது அதைக் கலைக்கிறது. அந்த வரிசையைக் குலைத்தால், வதந்தி எப்படி ஒருவரின் பெயரைக் கெடுக்கிறது என்ற விஷயமே கைநழுவிவிடும்.

ஒன்பது படம், யாருக்கு முதல் இடம்?

தனித்தனிக் கதைகள் என்றால் வரிசை முக்கியமில்லையா? 2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நவரசா'வைப் பாருங்கள். ஒன்பது சுவைக்கு ஒன்பது படங்கள். நாட்டிய சாஸ்திரம் சுவைகளைச் சிருங்காரத்தில் இருந்து தொடங்கி எண்ணும். 'நவரசா'விலோ சிருங்காரம் கடைசி: கௌதம் வாசுதேவ் மேனனின் 'கிட்டார் கம்பி மேலே நின்று'. தொடங்குவது கருணை: பிஜாய் நம்பியாரின் 'எதிரி'. குற்ற உணர்ச்சியில் தொடங்கிக் காதலில் முடியும் இந்த ஒன்பதைத் தலைகீழாகப் பார்த்தால், மனதில் கடைசியாகத் தங்கும் உணர்வு வேறு.

இதில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. முதல் படம் பிடிக்காவிட்டால் பலர் அத்தோடு மூடிவிடுவார்கள். எட்டாவது இடத்தில் இருக்கும் படத்துக்கு வாய்ப்பே வராமல் போகலாம்.

பழவேற்காடு ஏரி மீனவர்கள் இதே மாதிரியான சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டவர்கள். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறாலும் மீனும் கிடைக்காது. அதனால் 'பாடு' என்ற முறையில் மீன்பிடி இடங்கள் முறை வைத்துச் சுழற்சியில் வரும். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே என்ற நிலை வராது. நெட்ஃபிளிக்ஸும் 2019-ல் 'லவ், டெத் அண்ட் ரோபாட்ஸ்' குறுங்கதைத் தொடரில் கிட்டத்தட்ட இதைச் செய்து பார்த்தது. நான்கு விதமான வரிசைகளை வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டியது.

2023 ஜனவரியில் வந்த 'கலைடாஸ்கோப்' இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தக் கொள்ளைக் கதையில் எபிசோடுகளுக்கு எண் கிடையாது, நிறங்களே பெயர். ஆளுக்கு ஆள் வரிசை மாறும். ஆனாலும் கொள்ளை நடக்கும் 'வெள்ளை' எபிசோடை மட்டும் கடைசியில் வைத்தார்கள். எதை எப்படிக் கலைத்தாலும், முடிச்சு அவிழும் இடத்தைக் கலைக்க அவர்களுக்கே மனசு வரவில்லை.

முடிவு தெரிந்த கதைக்கும் வரிசை வேண்டுமா?

வேண்டும் என்கிறது தெருக்கூத்து. வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடக்கும். துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், பிறகு படுகளம், தீமிதி. துரியோதனன் சாவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் படுகளத்தில் திரௌபதி கூந்தல் முடியும்போது கூட்டம் உருகுகிறது. துகில் இரவில் அவிழ்ந்த கூந்தல் அது. இடையில் வந்த இரவுகள்தான் அந்த முடிச்சுக்குக் கனம் தருகின்றன. சஸ்பென்ஸ் இல்லாத இடத்திலும் வரிசைக்கு வேலை இருக்கிறது.

இன்று வரிசையைக் குலைப்பது சேனல் மட்டும் இல்லை. எட்டாவது எபிசோடின் உச்சக்காட்சி ரீல்ஸாக வந்து, முதல் எபிசோடுக்கு முன்பே நம் போனில் நிற்கிறது. "அதான் முடிவு தெரிஞ்சிடுச்சே" என்று பலர் தொடரையே விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட வேண்டியதில்லை. கொலையாளி யார் என்பது தெரிந்துவிட்டாலும், அவர் ஏன் அப்படி ஆனார் என்பது ஒன்றில் இருந்து எட்டு வரை போனால்தான் தெரியும். ஆரம்பாக்கத்தில் இருந்து சென்ட்ரலுக்கு ரெண்டு நாள் போய் வந்தால் போதும், முடித்துவிடலாம்.