புரூட்டசிடம் அவரது மகன்களின் உடல்களைக் கொண்டுவரும் லிக்டர்கள் (ஓவியம்)

புரூட்டசிடம் அவரது மகன்களின் உடல்களைக் கொண்டுவரும் லிக்டர்கள் என்பது பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட் 1789 ஆம் ஆண்டில் வரைந்து முடித்த வரலாற்று ஓவியம் ஆகும். புதுச்செவ்வியல் பாணியில் அமைந்த இவ்வோவியம் கித்தானில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டப்பட்டது. ஏறத்தாழ 3.2 மீட்டர் உயரமும் 4.2 மீட்டர் அகலமும் உடைய இது, பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நாட்டுக் கடமைக்கும் குடும்பப் பாசத்துக்கும் இடையிலான முரண்பாடே இதன் கருப்பொருள்.

பின்னணி

உரோமானிய மரபுவழி வரலாற்றின்படி, லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ் கிமு 509 இல் கடைசி மன்னன் டார்குவினியசை வெளியேற்றிக் குடியரசை நிறுவினார். அதன் முதல் இரு கான்சல்களுள் ஒருவராகவும் விளங்கினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் வேறொருவர். லூசியஸ் புரூட்டசின் மகன்களான டைட்டஸ், டைபீரியஸ் இருவரும் மன்னராட்சியை மீட்கும் சதியில் சேர்ந்தனர். சதி வெளிப்பட்டபோது, கான்சல் என்ற முறையில் அவர்களது மரண தண்டனையை நிறைவேற்றச் செய்து, அதனை நேரில் இருந்து கண்டார். லிக்டர்கள் என்போர் உரோமின் உயர் பதவியாளர்களுடன் சென்று, அவர்களின் ஆணைகளை நிறைவேற்றிய காவலர்கள் ஆவர்.

காட்சி அமைப்பு

டேவிட் தண்டனைக் காட்சியை வரையவில்லை. உடல்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்படும் வேளையைத் தாமே கற்பனை செய்து வரைந்துள்ளார். இடப்புறத்தில் உரோம் தேவதையின் சிலைக்கு அருகே, உடல்களுக்கு முதுகு காட்டியவாறு, புரூட்டஸ் நிழலில் அமர்ந்துள்ளார். அவருடைய முகம் இறுகியுள்ளது. பின்னிக்கிடக்கும் பாதங்கள் மனக் கலக்கத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. வலப்புறத்தில் கை நீட்டிக் கதறும் தாயும், அவரைப் பற்றியுள்ள மகள்களும், முகத்தை மூடி அழும் பணிப்பெண்ணும் ஒளியில் காணப்படுகின்றனர். இரு பகுதிகளுக்கும் இடையில் வெறும் நாற்காலியும், மேசைமேல் தையல் கூடையும் உள்ளன. புரூட்டசின் தலை, உரோமில் உள்ள பழைய வெண்கலச் சிலை ஒன்றை ஒட்டி வரையப்பட்டது.

வரவேற்பு

இவ்வோவியம் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னரே அரச நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி தொடங்கப்பட்டது. ஆனால், பாஸ்டில் சிறை 1789 சூலை 14 அன்று கைப்பற்றப்பட்ட பின்னரே பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆகவே மன்னருக்காக உருவான படைப்பு, மன்னராட்சி எதிர்ப்பின் சின்னமாக மாறியது. 1790 நவம்பரில் வோல்ட்டேரின் "புரூட்டஸ்" நாடகம் பாரிசில் மீண்டும் நடிக்கப்பட்டபோது, நடிகர்கள் இறுதியில் இவ்வோவியக் காட்சியை மேடையில் நிகழ்த்திக் காட்டினர். 1793 சனவரியில், தேசியப் பேரவை உறுப்பினராக இருந்த டேவிட், மன்னர் பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தார்.

புரட்சியாளர்கள் இதனைக் குடிமை அறத்தின் புகழ்ச்சியாகக் கொண்டனர். எனினும் புரூட்டசை நிழலிலும் பெண்களின் துயரத்தை ஒளியிலும் வைத்திருப்பதால், அந்த அறத்துக்குக் குடும்பம் கொடுத்த விலையையும் ஓவியம் மறைக்கவில்லை.