டீஸல் யந்திரத்தின் நாடி

வயலில் உழுதுகொண்டிருக்கும் டிராக்டர் திடீரென்று நின்றுவிட்டால் அதன் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் உங்களுக்கு இது பட்டறைக்காரர்களின் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால், பௌதிக வகுப்பில் நீங்கள் படிக்கிற காற்றின் இயல்பைச் சரியாக நினைத்துப் பார்க்காததனால், ஒரு குடியானவரின் தாளடிப் பட்டத்தையே நான் பாழாக்கியிருக்கிறேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1978ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். குறுவை அறுவடையாகிவிட்டது, நாற்றங்காலில் தாளடி நாற்று தயாராக நின்றது. அந்தக் குடியானவரிடம் 3 சிலிண்டர் கொண்ட, 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருந்தது. காலையில் அது ஒரு குறையுமின்றிக் கிளம்பும். முக்கால் மணி நேரம் உழும். பிறகு, மூச்சுத் திணறுவதுபோல் இரண்டு மூன்று முறை தடுமாறி நின்றுவிடும். சற்று நேரம் சும்மா விட்டால் மீண்டும் கிளம்பும். பக்கத்துப் பட்டணத்திலிருந்து சென்ற எனக்கு அப்போது வயது 22. டீஸலை உந்தித் தரும் பெரிய பம்பு கெட்டுவிட்டது என்று ஒரு பார்வையிலேயே தீர்ப்புக் கூறி, அதைக் கழற்றித் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன்.

அத்தீர்ப்பு சரிதானா என்பதை அறிய, டீஸல் யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீஸல் யந்திரத்தில் பொறியே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடேறுகிறது. இந்த எளிய உண்மையை எல்லைவரை கொண்டுசென்றவர், 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியரான ருடால்ஃப் டீஸல். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய யந்திரம் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. டிராக்டர் யந்திரத்தில் பிஸ்டன் மேலேறும்போது காற்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்குகிறது. அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் செல்கிறது. அந்தக் கணத்தில் நாஸில் என்னும் நுண்துளைக் குழல் டீஸலைப் பனிபோலத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே, இந்த யந்திரம் நம்மிடம் கேட்பவை மிகச் சிலவே: போதிய காற்று, அழுக்கும் நீரும் கலவாத டீஸல், காற்றைக் கசியவிடாமல் இறுக்கும் சிலிண்டர். யந்திரம் நின்றால் இவற்றுள் எது கிடைக்கவில்லை என்று ஆராய வேண்டுமேயன்றி, எந்த உறுப்பைக் கழற்றலாம் என்று ஆராயலாகாது.

புகையைப் பார்த்தே பாதி விடையை அறிந்துவிடலாம். கரும்புகை வந்தால் டீஸல் மிகுதி, காற்று குறைவு என்று பொருள். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெண்புகை, டீஸல் எரியாமல் ஆவியாக வெளியேறுவதைக் காட்டுகிறது. குளிர்ந்த காலை வேளையில் சிறிது நேரம் அது வருவது இயல்பு, நீடித்தால்தான் கவலை. நீலப் புகை என்றால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். எவ்வளவு சுழற்றியும் புகையே வரவில்லையென்றால், டீஸல் சிலிண்டரை எட்டவேயில்லை. அப்போது அது வரும் பாதையை அடியிலிருந்து நடந்து பார்க்க வேண்டும்: டாங்க், குழாய், கை லீவர் வைத்த சிறு பம்பு, வடிகட்டி, பெரிய பம்பு, நாஸில். எளிதில் எட்டுவதும் செலவற்றதும் இப்பாதையின் தொடக்கத்தில் இருக்கின்றன. விலை உயர்ந்தவை கடைசியில் இருக்கின்றன. நானோ கடைசியிலிருந்து தொடங்கினேன்.

பம்பு திரும்பிவர 11 நாட்கள் ஆயின. 'பெரிய பழுது ஒன்றுமில்லை, சுத்தம் செய்திருக்கிறோம்' என்ற சீட்டும் ஒரு பில்லும் கூடவே வந்தன. பம்பைப் பூட்டினேன். முக்கால் மணி நேரம் உழுதது, நின்றது. டிரைவராயிருந்த பெரியவர், டீஸல் தீர்ந்துவிட்டதோ என்று பார்க்க டாங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டது.

"தம்பி, இதுக்கு மூச்சு முட்டியிருக்கு" என்றார்.

மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. உழவுச் சேறு அதை அடைத்திருந்தது. டீஸல் குறையக் குறைய, அவ்விடத்தை நிரப்பக் காற்று வரவில்லை. டாங்கினுள் காற்றழுத்தம் குறைந்து, டீஸலை வெளியே வரவொட்டாமல் பிடித்து நிறுத்தியது. யந்திரம் நின்ற பிறகு, சிறிது சிறிதாகக் காற்று உள்ளே கசிந்ததால் மறுபடி கிளம்பிற்று. குறிப்பிட்ட நேரம் ஓடி நிற்பதும், இளைப்பாறியபின் ஓடுவதுமே எனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஓர் ஈர்க்குச்சியால் தீர வேண்டிய வேலை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நாற்று முற்றிவிட்டது. வாடகை மாடுகளைக் கொண்டு உழுதது போக, 6 மா நிலம் அவ்வருஷம் தரிசாகக் கிடந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. பம்புக்கான பில் தொகையையும் கொடுத்துவிட்டார்.

காற்று வராததால் வந்த வினை இது. காற்று வரக் கூடாத இடத்தில் வந்தாலும் வினைதான். டாங்க் வற்றும்வரை ஓட்டினாலோ, வடிகட்டியைக் கழற்றிப் பூட்டினாலோ, குழாயினுள் காற்று புகுந்துவிடும். பட்டறைகளில் இதை 'ஏர் லாக்' என்பார்கள். டீஸல் எவ்வளவு அமுக்கினாலும் மிகமிகச் சிறிதே சுருங்கும். காற்றுக் குமிழியோ ஸ்பிரிங் போலச் சுருங்கிக்கொடுக்கும். பம்பின் உழைப்பெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே வீணாக, நாஸில் திறப்பதில்லை. வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, சிறு பம்பின் லீவரைக் கையால் அடித்தால் நுரையுடன் டீஸல் வரும். நுரை நீங்கித் தெளிந்து வரும்போது திருகை இறுக்கிவிட வேண்டும். பெரிய பம்பிலும் இவ்விதமே செய்து, இறுதியில் நாஸில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி யந்திரத்தைச் சுழற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வகை நாஸில்கூட, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில்தான் திறக்கும். அத்தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். ஊசிக்குத்துப் போலச் சிறிதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிட்டால் விரலையே இழக்க நேரும். 'காமன் ரெயில்' முறையில் அமைந்த புதிய யந்திரங்களில் இவ்வழுத்தம் 1,000 மடங்கையும் கடக்கிறது. அவற்றில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

சிறு புல்டோசரும் யந்திரத்தளவில் டிராக்டரின் உடன்பிறப்பே. அமெரிக்காவில் 1938 முதல் 1957 வரை செய்யப்பட்ட காட்டர்பில்லர் டி2 வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் டீஸல் யந்திரத்தைச் சுழற்றிவிடுவதற்கென்றே 2 சிலிண்டர் பெட்ரோல் யந்திரம் ஒன்று கூடவே இருந்தது. அவ்வண்டி கிளம்பவில்லையென்றால், நோய் எந்த யந்திரத்துக்கு என்பதே முதற்கேள்வி!

புல்டோசரில் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புத் தடம் மிகத் தளர்ந்தால் கழன்றுவிடும். மிக இறுகினால் பின்களும் பற்சக்கரங்களும் தேய்வதோடு, யந்திரத்தின் சக்தியும் வீணாகும். "வண்டி இழுக்கவில்லை" என்று ஓட்டுபவர் முறையிடும்போது, தடத்தினுள் இறுகிப்போன களிமண்ணே குற்றவாளியாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அன்றாடம் மாலையில், ஈரம் காயுமுன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் போதும்.

இவ்வண்டியின் கத்தியைத் தூக்கி நிறுத்துவது குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய்தான். குழாய் விட்டால் கத்தி விழும். ஆதலால், ஸ்பேனரைக் கையிலெடுக்குமுன் கத்தியைத் தரையில் இறக்கி, யந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். தூக்கியே வைக்க வேண்டிய வேலையானால், கனத்த மரக்கட்டைகளை அடியில் அடுக்கிய பிறகே கீழே கையை நீட்டலாம்.