மலையேறி வரச் சொல்லும் முன் 169.254 பாருங்கள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. மலைமேல் திண்ணனூர் நாட்டில் ஒரு சேவை மையத்தின் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை என்றால், அதைப் பார்க்க நாமக்கல்லிலிருந்து வருகிறவர் இப்படி மலையைச் சுற்றித்தான் ஏற வேண்டும். மழை பிடித்துவிட்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பார். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

நெட் இல்லை என்றதும் இணைப்பு தரும் கம்பெனியைத் திட்டுவது நம் வழக்கம். பல நேரம் கோளாறு அறைக்குள்ளேயே இருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று தட்டுங்கள். ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் கேட்டும் ரௌட்டரிடமிருந்து முகவரி வரவில்லை. 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் இந்தப் பக்கம் சரி. அப்போது கம்பெனிக்குப் போன் போடலாம்.

முகவரியைத் தானாக வழங்கும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1985-இல் வந்த பூட்பி என்ற முறையிலிருந்து வளர்ந்தது. ரால்ஃப் டிராம்ஸ் 1997-இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 2131 என்ற ஆவணம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. புதிதாகச் சேரும் கம்ப்யூட்டருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. எனவே ‘முகவரி தருவார் உண்டா’ என்று தண்டோரா போடும். ரௌட்டர் ஒரு முகவரியைக் காட்டும், கம்ப்யூட்டர் அதையே கேட்கும், ரௌட்டர் சம்மதிக்கும். பதிலே வராவிட்டால் விண்டோஸ் 169.254 வரிசையில் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98-இல் தொடங்கிய பழக்கம் இது. அந்த எண்ணோடு பக்கத்துக் கம்ப்யூட்டருடன் பேசலாம், இணையத்துக்குப் போக முடியாது.

முதலில் வயரைப் பாருங்கள். எலி கடித்த கேபிள், கிளிப் உடைந்து தொளதொளக்கும் முனை, இரண்டுமே சாதாரணம். அடுத்தது கரண்ட். மலையில் காற்றடித்தால் போய்ப் போய் வரும். வந்ததும் கம்ப்யூட்டரும் ரௌட்டரும் ஒன்றாக எழுந்திருக்கும். ரௌட்டர் தயாராவதற்குள் கம்ப்யூட்டர் கேட்டு முடித்திருக்கும். ரௌட்டரை அணைத்துப் போட்டு, விளக்குகள் நிலைத்தபின் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரின்யூ’ கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். பலர் ரௌட்டர் எழுவதற்குள் ரின்யூ கொடுத்துவிட்டுச் சலித்துக்கொள்கிறார்கள்.

ஆளைச் சுற்றவைக்கும் வம்பு இரண்டாவது ரௌட்டர். வைஃபை பக்கத்து அறைக்கும் எட்டட்டும் என்று யாராவது பழைய ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து லேன் துளையில் செருகியிருப்பார். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். யார் முந்துகிறாரோ அவர் தந்ததே நிலைக்கும் என்பதால் நாலு கம்ப்யூட்டரில் இரண்டு ஓடும், இரண்டு ஓடாது. காலையில் ஓடியது மாலையில் நிற்கும். எண் 192.168 என்றே இருப்பதால் சந்தேகமும் வராது. ஓடுகிற கம்ப்யூட்டரின் ‘டீஃபால்ட் கேட்வே’ எண்ணையும் ஓடாததன் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் அதுதான் விஷயம். பழைய ரௌட்டரின் அமைப்பில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதன் சொந்த முகவரி முதல் ரௌட்டருடன் மோதாதபடி மாற்றினால் போதும்.

மையத்தில் பயிற்சி நடக்கும் நாளில் கூட்டமாக வந்து எல்லோரும் போனை வைஃபையில் போட்டாலும் 169.254 தலைகாட்டும். சின்ன ரௌட்டர்களில் கொடுக்க வைத்திருக்கும் முகவரிகள் நூறு சொச்சம்தான்; வந்தவர் போனபிறகும், முகவரியைக் கொடுத்துவைக்கும் ‘குத்தகை’க் காலம் முடியும்வரை அவை திரும்பாது. ரௌட்டரின் அமைப்பில் குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் அதே கேபிளில் ஒரு லேப்டாப்பைச் செருகுங்கள். அதற்கும் 169.254 வந்தால் கேபிளையும் ரௌட்டரின் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். லேப்டாப்புக்கு நல்ல முகவரி வந்தால் சந்தேகம் கம்ப்யூட்டரின் மேல். இடி மின்னலில் அதன் லேன் போர்ட் போயிருக்கலாம். அதற்கும் ஆள் வரத் தேவையில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வேண்டும் என்று நாமக்கல் கடையில் சொன்னால் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிடுவார்கள்.