உயர்திறன் சோலார் பேனல்: ஆலைக்கு ஊக்கத்தொகை, சிறிய மாடிக்கு என்ன?

மொட்டை மாடியில் சோலார் பேனல் பொருத்துங்கள், மானியம் தருகிறோம் என்கிறது மத்திய அரசு. மாதம் 200 யூனிட் வரை கட்டணமே வேண்டாம் என்கிறது கர்நாடக அரசு. இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடையே நிற்கும் பெங்களூருக் குடும்பத்தின் முன் மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது. கூடுதல் விலை கொடுத்து உயர்திறன் பேனல் வாங்கலாமா?

பேனலின் மீது விழும் ஒளியில் எத்தனை சதவீதம் மின்சாரமாக மாறுகிறது என்பதே அதன் செயல்திறன். பழைய பாலிகிரிஸ்டலின் வகை 15 முதல் 17 சதவீதம் வரை மாற்றியது. பின்னர் வந்த மோனோ பெர்க் வகை 20 சதவீதத்தைத் தாண்டியது. இன்று பரவிவரும் டாப்கான் வகை 22 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

மிச்சமாவது இடம்

செயல்திறன் கூடினால் மின்சாரமும் அதே விகிதத்தில் கூடும் என்று பலர் கருதுகின்றனர். இது சரியல்ல. 3 கிலோவாட் என்று வாங்கினால், எந்த வகையாயினும் கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றே. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் எனலாம். வேறுபடுவது இடம். 15 சதவீதப் பேனலுக்குச் சுமார் 215 சதுர அடி தேவை என்றால், 22 சதவீதப் பேனலுக்குச் சுமார் 147 சதுர அடி போதும்.

முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டப்பட்ட பெங்களூரு வீட்டின் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் போக, பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் விழுகிறது. அத்தகைய வீட்டுக்கு 68 சதுர அடி மிச்சம் என்பது பெரிது. விசாலமான மாடி உள்ளவர்களுக்கோ இடத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

மற்றொரு நன்மை வெயில் தாங்கும் தன்மை. பேனலின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரிக்கும் பழைய வகை சுமார் 0.4 சதவீத உற்பத்தியை இழக்கிறது. டாப்கான் வகையில் இழப்பு சுமார் 0.3 சதவீதம். பேனல் 60 டிகிரிக்குச் சூடாகும்போது முன்னது 14 சதவீதமும் பின்னது பத்தரை சதவீதமும் இழக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவைவிட, வேலூருக்கும் திருச்சிக்குமே இந்த வேறுபாடு அதிகம் பயன்படும்.

நிலத்திலும் இதே கணக்குதான். தும்கூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இயங்குகிறது. செயல்திறன் உயர்ந்தால் இத்தகைய பூங்காக்களுக்குத் தேவைப்படும் நிலம் குறையும். ஆனால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000 என்ற அடிப்படையில் நிலத்தைக் குத்தகைக்குத் தந்த பாவகடா விவசாயிகளின் நிலையிலிருந்து பார்த்தால், நிலம் குறைவது வருவாய் குறைவதுமாகும்.

இரண்டு அளவுகோல்கள்

உயர்திறன் பேனல் தயாரிப்புக்கு மத்திய அரசு தாராளமாகவே நிதி ஒதுக்கியது. உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2021-இல் ரூ.4,500 கோடியும் 2022-இல் ரூ.19,500 கோடியும் ஒப்புதல் பெற்றன. செயல்திறனும் வெயில் தாங்கும் தன்மையும் உயர உயர ஆலைக்கு ஊக்கத்தொகை விகிதமும் உயரும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது. பேனல் உற்பத்தியின் எல்லா நிலைகளிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்ட நிலையில், இந்த முயற்சியின் தேவையை மறுப்பதற்கில்லை.

ஆனால் வீட்டுக்காரருக்கு அளவுகோல் வேறு. ரூ.75,021 கோடி மதிப்பில் 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் சூரிய வீடு திட்டம், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000 தருகிறது, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000-உடன் நின்றுவிடுகிறது. இதில் செயல்திறனுக்கு இடமில்லை. செல், பேனல் இரண்டும் உள்நாட்டில் தயாரானவையாகவும் இருக்க வேண்டும். மாடி சிறியது என்பதற்காகவே விலை உயர்ந்த பேனலை நாட வேண்டியவர், அந்தக் கூடுதல் தொகையைத் தானே சுமக்கிறார்.

இலவசத்தின் மறுபக்கம்

கர்நாடகத்தின் 'கிருஹ ஜோதி' திட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு மாடியில் முதலீடு செய்யும் தேவை ஏறக்குறைய மறைந்துவிட்டது. வரம்பைத் தாண்டினால் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டியிருப்பதால், அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கே சோலார் லாபகரமாகிறது. இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் தரும் தமிழகமும் எண்ணிப் பார்க்க வேண்டிய முரண்பாடு இது. ஏழைகளின் மின் கட்டணச் சுமையைக் குறைப்பது தவறல்ல. ஆனால் ஒரு கையால் தரும் சலுகை மறு கையால் தரும் மானியத்தைப் பயனற்றதாக்கக் கூடாது.

2022-க்குள் 100 கிகாவாட் சூரிய மின்சாரம், அதில் 40 கிகாவாட் மாடிகளிலிருந்து என்பது மத்திய அரசு முன்பு வகுத்த இலக்கு. மொத்தம் 100 கிகாவாட்டைத் தொடவே 2025 ஜனவரி ஆயிற்று. மாடிகள் பின்தங்கியதற்குப் பேனலின் செயல்திறன் குறைவு முதன்மைக் காரணமல்ல. கொள்கைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுப்பதும் காரணமே.

உயர்திறன் பேனல் நல்ல கருவி; இடம் குறைந்தவருக்கு அவசியமான கருவியும்கூட. ஆலைக்குப் பொருந்தும் செயல்திறன் அளவுகோல், சிறிய மாடி வீட்டின் மானியத்துக்கு ஏன் பொருந்தவில்லை? இரு அவைகளிலும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.