கயிறு இறுகினால் கை இளகும்

விண்ட்சர்ஃபிங் பழகுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, பின்கை வலி. பாயைப் பிடித்திருக்கும் இரு கைகளில் பின்னால் இருப்பதுதான் முதலில் சோர்ந்துபோகும். உடம்பில் பலம் போதவில்லை என்று சிலர் நினைப்பார்கள். பாய் பெரிதாகிவிட்டது என்று சிலர் சிறியதைத் தேடுவார்கள். பெரும்பாலும் கோளாறு இரண்டிலும் இருக்காது. கரையில் பாயைக் கட்டும்போது அடிக்கயிற்றைச் சில சென்டிமீட்டர் குறைவாக இழுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாய் கடையிலிருந்து வரும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதியைக் கரையில் இரண்டு கயிறுகள் முடிக்கின்றன. பாயைப் பாய்மரத்தின் அடியை நோக்கி இழுக்கும் அடிக்கயிறு டவுன்ஹால். பாயின் பின்மூலையைப் பூம் என்னும் கைப்பிடிச் சட்டத்தின் நுனிக்கு இழுப்பது அவுட்ஹால்.

கயிறு ஏன் கையைப் பாதிக்கிறது என்பதற்கு விடை இந்தப் பலகையின் அமைப்பிலேயே இருக்கிறது. இதற்கு அமெரிக்க விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஷ்வைட்சரும் 1968இல் விண்ணப்பித்த காப்புரிமை 1970இல் கிடைத்தது. எல்லாப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டில் பாய்மரத்தைப் பலகையோடு பொருத்தியதுதான் அதன் உயிர்நாடி. இதில் சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் முகம் காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். காற்றின் விசை பாயில் எந்த இடத்தில் மையம் கொள்கிறது என்பதே இங்கே சுக்கான். அந்த மையம் இடம் மாறினால் அதை ஈடுகட்ட வேண்டியவை ஓட்டுபவரின் கைகள்.

ஆரம்பகால டாக்ரான் துணிப் பாய்களில் இதுதான் தொல்லை. காற்று திடீரென வலுத்தால் துணி நீளும், பாயின் தொப்பை பின்னால் நகரும், பின்கை இழுபடும். அதனால்தான் பிறகு எளிதில் நீளாத பிளாஸ்டிக் படலத்தில் பாய் தைத்தார்கள். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை பேட்டன் என்னும் நீண்ட குச்சிகளைச் செருகினார்கள். முன்விளிம்பையும் வளைவாக வெட்டினார்கள். நேராக நிற்கும் பாய்மரத்தில் இந்தப் பாய் சரியாக உட்காராது. டவுன்ஹாலை இழுத்து, மரம் வில்லாக வளைந்த பிறகே வடிவமைப்பாளர் நினைத்த உருவம் வரும். தொப்பையும் மரத்தின் அருகிலேயே நின்றுவிடும். பாயில் அச்சிட்ட மர நீளத்தையும் விறைப்பையும் அலட்சியம் செய்யக் கூடாதென்பது இதனால்தான். வேறு மாதிரி வளையும் மரத்தைப் போட்டால், எவ்வளவு இழுத்தாலும் உருவம் கூடாது.

நன்றாக இழுத்த பாயைக் கரையில் பார்த்தால் புதியவருக்குச் சந்தேகம் வரும். மேல்பகுதியின் பின்விளிம்பு தொளதொளவென்று கிடக்கும். அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைத்தது. நீர்ப்பரப்பை உராய்வதால் கீழே காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். பலகையின் வேகமோ ஒன்றுதான். ஆகவே பாயின் உச்சி உணரும் காற்று, அடிப்பகுதி உணர்வதைவிடச் சற்றுப் பின்னாலிருந்து வரும். அதற்கேற்ப மேல்பகுதி முறுக்கித் திறந்து கொடுக்க வேண்டும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 12 நாட் வேகக் காற்றின் அழுத்தத்தை 7 சதுர மீட்டர் பாய்க்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 16 கிலோ எடைக்குச் சமம். 24 நாட் வேகத்தில் அதுவே 64 கிலோ, கிட்டத்தட்ட ஓர் ஆளின் எடை. திடீர் வீச்சில் மேல்பகுதி திறந்து உபரிக் காற்றை வெளியே விடாவிட்டால் ஓட்டுபவர் பாயோடு போய் விழுவார்.

எவ்வளவு இழுப்பது என்பது இங்கே மலேசியாவில் கடலுக்குக் கடல் மாறும். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ரயில் ஏறிச் சிரம்பானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் போர்ட்டிக்சன் கடல். சுமத்ராவும் தித்திவங்சா மலைத்தொடரும் இருபுறமும் மறைப்பதால் மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் மென்காற்றுதான். பெரிய பாய், அளவான டவுன்ஹால், அவுட்ஹாலைக் கொஞ்சம் தளர்த்தி நல்ல தொப்பை என்பது அங்கே பொருந்தும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ புயல்மழை மட்டும் விதிவிலக்கு. அப்போது கடலில் இறங்கவே கூடாது. வடகிழக்குப் பருவத்தில் குவாந்தானுக்கு அருகிலுள்ள பாலோக் கடற்கரைக்குப் போனால் கதை வேறு. தென்சீனக் கடலிலிருந்து நேராக வீசும் காற்றுக்குச் சிறிய பாயும், உச்சி நன்றாகத் தளரும்வரை இழுத்த டவுன்ஹாலும் வேண்டும்.

காற்றுக்கேற்ற பாய் என்னும் பாடத்தை ஒலிம்பிக்கும் தன் வழியில் கற்றது. 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல் பலகைக்கு 7.4 சதுர மீட்டர் பாய். 2008இல் வந்த ஆர்எஸ்எக்ஸ் ஆண்களுக்கு அதை 9.5 ஆக்கியது. 2024இல் பாரிஸ் போட்டிக்கு வந்த ஐகியூஃபாயில் ஆண்களின் பாயை 9 சதுர மீட்டருக்கு இறக்கியது. அதன் பலகை, நீருக்கடியில் இருக்கும் சிறகின் மேல் எழுந்து பறக்கிறது. நீரின் இழுவை குறைந்ததால், குறைந்த காற்றிலும் வேகம் கிடைக்கிறது. நம் நீரிணைக் காற்றுக்கு இது நல்ல செய்தி.

அந்தப் பலகை கைக்கு வரும்வரை, பின்கை வலித்தால் கரைக்கு வந்து முதலில் டவுன்ஹாலை ஓரிரு சென்டிமீட்டர் இழுத்துப் பாருங்கள். பிறகு அவுட்ஹாலைச் சரிசெய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், இடுப்புக் கொக்கியை மாட்டும் கயிறுகளைப் பூமில் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். இரு கைகளுக்கும் பாரம் சமமாகும் இடம் கிடைத்த பிறகும் பாய் உங்களைத் தூக்கினால்தான் சிறிய பாய் வாங்கக் காசு எடுக்க வேண்டும்.